தகரக் குரல்

ஹாலில் இருக்கும் இரண்டு ஸ்பீக்கர்களையும் தூக்கிப் போடச் சொல்லி என் மைத்துனன் வரும்போதெல்லாம் சொல்கிறான். அவற்றைவிட நல்ல ஜோடி ஒன்றைத் தானே வாங்கித் தருவதாகவும் சொல்கிறான். அவன் சொல்வதில் தப்பில்லை. அவை மோசமான ஸ்பீக்கர்கள்தான். விற்ற கடைக்காரரே வேண்டாம் என்றார்.

தேர்ந்தெடுத்தது என் மனைவி. அவள் எப்படித் தேர்ந்தெடுத்தாள் என்பதை எழுத வேண்டுமென்றால் முதலில் என் காதைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் காது ஆலையில் போனது. பாட்டிலில் பானம் நிரப்பும் ஆலை. கழுவிய கண்ணாடி பாட்டில்கள் பட்டையின் மேல் வரிசையாக ஓடும்போது ஒன்றையொன்று முட்டிக்கொள்ளும். அந்தச் சத்தத்தின் பக்கத்திலேயே நின்று வயதாகிவிட்டது. பஞ்சு வைத்துக்கொள்வோம், வியர்த்தால் பிடுங்கிப் போட்டுவிடுவோம். முதலில் குருவிகள் போயின. பிறகு கெட்டிலின் விசில். பிறகு மனிதர்களின் பேச்சு. பேசுகிறார்கள் என்பது தெரியும், என்ன பேசுகிறார்கள் என்பது தெரியாது. சொற்களின் ஓரங்களை யாரோ கத்தரித்துவிட்டது போல ஒரே கொழகொழப்பு. உள்ளே ஒருவரோடொருவர் பேச முடியாது என்பதால் சாப்பாட்டு இடைவேளையில் புத்தகம் வாசிக்கப் பழகினேன். அது ஒன்றுதான் அந்த ஆலை எனக்குக் கொடுத்த லாபம்.

அவளுக்கோ காதுதான் பிழைப்பு. டாக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் வேலை. மென்று கொண்டே பேசும் டாக்டர், கொட்டாவி விடும் டாக்டர், பாதியில் மனைவியோடு சண்டை போடும் டாக்டர், எல்லோரையும் பிரித்துவிடுவாள். ஒருவர் தும்மினால் எந்த டாக்டர் என்று சொல்லுவாள்.

ஆகவே வீட்டுக்கு ஒரு ஜோடிக் காது போதும் என்று ஆகிவிட்டது. எங்கே போனாலும் என் இடப்பக்கம் உட்காருவாள். எதிரில் இருப்பவர் பேசி முடித்ததும் நான் அவள் பக்கம் திரும்புவேன். அவள் என் முகத்தைப் பார்த்து நிதானமாகச் சொல்லுவாள். எல்லாவற்றையும் சொல்லமாட்டாள், தேவையானதை மட்டும். ஒருமுறை மேலாளர் வீடு தேடி வந்து வெகுநேரம் கத்திவிட்டுப் போனார். திரும்பிப் பார்த்தேன்.

"கோபமா இருக்கார்" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"மீதி உங்களுக்கு எதுக்கு?"

அவள் வயிற்றில் கட்டி என்று தெரிந்த பிறகும் இந்த ஏற்பாடுதான். டாக்டர் முகக்கவசம் போட்டிருப்பார். உதடு தெரியாவிட்டால் எனக்குச் சுவரும் அவரும் ஒன்று. அவர் கேட்பார், அவள் பதில் சொல்லுவாள், அவர் தலையாட்டுவார், நான் திரும்புவேன். "கட்டி சுருங்குதாம். இந்த மருந்து கேட்குதாம். நல்லா சாப்பிடணுமாம்." அது போதுமானதாக இருந்தது. சுருங்குகிறது என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் பல வாரங்கள் வேலைக்குப் போய் வந்தேன்.

குளியலறை பக்கத்தில் இருக்கட்டும் என்று கட்டிலை ஹாலுக்கு மாற்றினோம். பகல் முழுவதும் அவளுக்குத் துணை டிவிதான். சில நாட்களில் அதன் மேல் குறை சொல்ல ஆரம்பித்தாள்.

"இது முணுமுணுக்குதுங்க. வாய்ல எதையோ அடக்கிக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு."

"எனக்கு எப்பவுமே அப்படித்தானே இருக்கு."

"உங்களுக்குச் சரி. நான் என்ன பாவம் பண்ணேன்? ரெண்டு ஸ்பீக்கர் வாங்கி மாட்டுங்க. பெரிசா எதுவும் வேண்டாம். பேசறது புரிஞ்சா போதும்."

மருந்துச் செலவுக்கு நடுவில் பெரிசாக எதுவும் வாங்க முடியாது என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் அவளாக ஒன்றைக் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

அவள் தம்பிக்கு இந்தப் பேச்சு போதுமானதாக இருந்தது. எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் எத்தனை வாட்ஸ் என்று கேட்பான். அதனால் அவள் அவனுக்கு வாட்ஸ் என்றே பெயர் வைத்திருந்தாள். அன்று சோபாவின் நுனிக்கு வந்து உட்கார்ந்துகொண்டான்.

"மாமா, சின்ன ஹால்னு சின்னதா வாங்கிடாதீங்க. கீழ தரையில ஒரு பேஸ் பெட்டி வைக்கணும். போட்டா ஜன்னல் கண்ணாடி ஆடணும்."

"எனக்குக் குடல் ஆடறது போதாதுன்னு ஜன்னல் வேற ஆடணுமாடா?" என்றாள் அவள்.

"சரி, நான் கூட வரேன். நல்லதா பார்த்து எடுக்கலாம்."

"நீ வேண்டாம். நாங்க ரெண்டு பேரும் போய்க்கறோம்."

"மாமாவைக் கூட்டிட்டு ஸ்பீக்கர் வாங்கப் போறியா? செவிடன் காதுல…"

"முழுசா சொல்லு பார்ப்போம்."

"ஒண்ணும் இல்லக்கா."

நான் சிரித்தேன். அவனை ஏன் அத்தனை கறாராக வேண்டாம் என்றாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

கடை ஒரு குறுகலான சந்துக்குள் இருந்தது. தரையிலிருந்து கூரை வரை தட்டுகள், தட்டு முழுக்கப் பெட்டிகள். சில புதியவை, சில பழுது பார்த்தவை. கடைக்காரர் ஒல்லியான மனிதர், உதட்டை நன்றாக அசைத்துப் பேசுகிறவர். யார் எந்தக் குமிழைத் திருப்பினாலும் "மெதுவா, மெதுவா" என்று பதறுவதால் தெருவில் அவருக்கு மெதுவா என்றே பெயர். அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். தலையில் கட்டியிருந்த துணியைப் பார்த்தார். அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஹால் எவ்வளவு நீளம், சுவரில் எங்கே ஜன்னல், எங்கே இருந்து கேட்பீர்கள் என்று கேட்டார்.

"படுத்துக்கிட்டுத்தான்" என்றாள்.

"அப்போ பெட்டி ரெண்டும் கட்டில் உயரத்துக்கு இருக்கட்டும். மூலையில தள்ளிடாதீங்க, சத்தம் குளறும். வாட்ஸைப் பார்க்காதீங்கம்மா, அது அட்டைப்பெட்டிக்கு மேல எழுதறதுக்கு."

"இதை என் தம்பிகிட்ட வந்து சொல்லுங்க."

மேசையில் பொத்தான்கள் வைத்த ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு ஜோடி ஸ்பீக்கர். ஒரே பாட்டு ஒரு ஜோடியிலிருந்து இன்னொரு ஜோடிக்குத் தாவிக்கொண்டே போனது. பாட்டு வேண்டாம், யாராவது பேசுவதைப் போடுங்கள் என்றாள். செய்தி வாசிப்பைப் போட்டார். எங்கள் பணத்துக்குள் அடங்குவதில் அவருக்குப் பிடித்தது துணி போர்த்திய மரப்பெட்டி ஜோடி. அதை வைத்துவிட்டு அவரே கண்ணை மூடிக் கேட்டார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"போர்வைக்குள்ள இருந்து பேசறாங்க."

அடுத்ததும் போர்வை. அதற்கடுத்தது மெத்தை. கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்ய முடியும்? எனக்கு எல்லாமே மெத்தைதான்.

கீழ்த் தட்டில் தூசி படிந்து, வெள்ளி நிறத்தில் முகம் வைத்த பிளாஸ்டிக் ஜோடி ஒன்று இருந்தது. அவள் அதைக் காட்டினாள்.

"அது வேண்டாம்மா. தகரம். ஒரே கீச்சு. கூவி விக்கறவங்க வண்டியில மாட்ட வாங்கிட்டுப் போவாங்க."

"போட்டுக் காட்டுங்களேன்."

போட்டார். அவள் முகம் திறந்துகொண்டது. வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாரக்கணக்கில் அந்த முகத்தில் நான் பார்க்காத ஒன்று. அவளே எழுந்து போய் மேல் சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கடைசிவரை வலப்பக்கம் திருப்பினாள்.

"இதுதாங்க. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியா விழுது."

கடைக்காரர் முகத்தைச் சுளித்தார். விலை குறைந்ததைக் கேட்டதால்தான் சுளிக்கிறார் என்று நினைத்தேன்.

"சார், நீங்களும் ஒருதடவை நல்லாக் கேட்டுடுங்க" என்று என் முகத்துக்கு நேராக வந்து சொன்னார்.

கேட்டேன். எனக்கும் அதுதான் நன்றாக இருந்தது. செய்தி வாசிப்பவரின் சொற்களுக்கு ஓரங்கள் முளைத்திருந்தன. எனக்கு நன்றாக இருப்பது நல்ல காதுக்கு நன்றாக இருக்க முடியாது என்ற கணக்கு கடையில் எனக்கு வரவில்லை. அவள் காது சொன்னால் சரி. எத்தனையோ வருஷங்களாக அப்படித்தான்.

ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் வைத்தோம். கடைக்காரர் சொன்னபடி கட்டில் உயரம். அடுத்த வாரம் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா கழுத்தில் அளவு நாடாவோடு வாசலில் வந்து நின்று ஏதோ சொன்னார். நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"அவங்க வீடு வரைக்கும் கேட்குதாம். நல்லா இருக்காம்."

அந்த அம்மாவின் முகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் முகமாக இல்லை. ஆனாலும் நான் கைகூப்பி நன்றி சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ் வந்தான். கதவைத் திறந்தவன் உள்ளே கால் வைப்பதற்கு முன்னால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

"என்ன மாமா இது? பல்லு டாக்டர்கிட்ட வாயைத் திறந்துக்கிட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கு!" அவன் கத்திப் பேசுவதால் அவன் பேச்சு மட்டும் எனக்கு ஓரளவு கேட்கும். "இதையா அக்கா எடுத்தா? காசு கொடுத்தா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவன் நேராக ஜன்னலுக்குப் போனான். ட்ரெபிளை நடுவுக்குக் கொண்டுவந்தான். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தான். மனிதர்கள் வீட்டில் வைக்கும் அளவுக்கு வைத்தான்.

"ஏங்க நிறுத்திட்டீங்க?" என்று உரக்கக் கேட்டாள் அவள், சுவரைப் பார்த்தபடி.

நிறுத்தவில்லை. யாரோ மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். வழக்கமான கொழகொழப்புதான், ஆனால் குரல் இருந்தது. எனக்கே கேட்டது.

எனக்கே கேட்கிறது. அவளுக்குக் கேட்கவில்லை.

அவன் என்னைப் பார்த்தான். நான் ஸ்பீக்கரைப் பார்த்தேன். அவன் மெல்லக் குமிழ்களைப் பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டான்.

கட்டிலின் மறுபக்கம் போய் அவள் முகத்துக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எப்போலேருந்து?" என்றேன்.

"முதல் தடவை மருந்து ஏத்தினப்பவே. காதுக்குள்ள ஒரு கொசு. அப்புறம் மேல் சத்தம் எல்லாம் போச்சு. உங்க கெட்டில், அடுத்த வீட்டுத் தையல் மெஷின்."

"டாக்டர் கேட்கலையா?"

"ஒவ்வொரு தடவையும் கேட்பார். காதுல இரைச்சல் இருக்கா, பேசறது சரியா கேட்குதான்னு. இல்லை, நல்லா இருக்குன்னு சொல்லுவேன். உங்ககிட்ட நல்லா சாப்பிடச் சொன்னார்னு சொல்லிடுவேன்."

எனக்கே காது குத்தியிருக்கிறாள். கோபம் வர வேண்டும் என்று தெரிந்தது, வரவில்லை.

"ஏன்?"

"சொன்னா இந்த மருந்தை நிறுத்திட்டு வேற ஏதாவது கொடுப்பாங்க. எத்தனை பேருக்கு நானே தட்டச்சு பண்ணியிருக்கேன். 'காது பாதிப்பு, மருந்து மாற்றப்பட்டது.' அடுத்த பதிவுல என்ன வரும்னும் எனக்குத் தெரியும். கட்டி சுருங்குதுங்க. இது ஒண்ணுக்குத்தான் சுருங்குது. இன்னும் ரெண்டு தடவை பாக்கி. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க."

"தையல்காரம்மா அன்னைக்கு என்ன சொன்னாங்க?"

"தெரியாது" என்றாள். பிறகு சிரித்தாள். "முகத்தைப் பார்த்து ஊகம் பண்ணேன். தப்பாப் போச்சா?"

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது நான் எதையும் முடிவு செய்திருக்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று பேருந்தில் ஏறினேன், சொல்லக் கூடாது என்று இறங்கினேன். அவள் தலைத்துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். வழக்கம்போல என் இடப்பக்கம் உட்கார்ந்தாள்.

டாக்டர் முகக்கவசத்தோடு கணினித் திரையைப் பார்த்தபடி ஏதோ கேட்டார். முந்தைய நாட்களில் அவர் ஏறிட்டுப் பார்த்துத்தான் கேட்பார். கண்ணையும் புருவத்தையும் பார்த்து அவள் சமாளித்திருக்க வேண்டும். அன்று அவருக்கு வேலை அதிகம் போலிருக்கிறது, திரையைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

நான் அவள் பக்கம் திரும்பினேன். நினைத்துச் செய்ததில்லை. கழுத்து தானாகத் திரும்பியது.

அவள் என் பக்கம் திரும்பியிருந்தாள்.

என்ன சொன்னார் என்று நான் அவளிடமும், என்ன சொன்னார் என்று அவள் என்னிடமும் கேட்கிற மாதிரி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். குருடனுக்குக் குருடன் வழி காட்டுவதைப் பற்றிச் சொல்லுவார்கள். இரண்டு செவிடர்கள் ஒருவர் காதை ஒருவர் நம்பி உட்கார்ந்திருந்ததை அந்த டாக்டர் மட்டும்தான் பார்த்திருப்பார்.

அவர் தலையைத் தூக்கினார். முகக்கவசத்தை இறக்கினார். எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்று ஏதோ சொன்னார். உதடு அசைவது எனக்குத் தெரிந்தது. அவள் அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது அவர் முகத்தில் கோபம் இல்லை. உரக்க, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். மருந்தை நிறுத்த வேண்டும் என்பது எனக்கே புரிந்தது.

"காது எனக்கு வேண்டாம் டாக்டர்" என்றாள் அவள். தன் குரல் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. வெளியே காத்திருந்தவர்கள்கூடக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார்கள். "காதை எடுத்துக்குங்க. மருந்தைக் கொடுங்க."

"காது மட்டும் இல்லைம்மா. கிட்னியும் கெட ஆரம்பிச்சிருக்கு. இதுக்கு மேல கொடுத்தா மருந்தே உங்களைக் கொண்டுபோயிடும்."

இதை அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் திரையில் பெரிய எழுத்தில் அடித்து எங்கள் பக்கம் திருப்பினார். இருவரும் வாசித்தோம். நான் அவளுக்கு முன்னால் வாசித்து முடித்துவிட்டேன்.

பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"நீங்க திரும்பாம இருந்திருக்கலாம்."

"நீயும்தான்."

"ஆமா" என்றாள். கொஞ்சம் சிரித்தாள். ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள். தோள் ஆடியது. பேருந்தும் ஆடிக்கொண்டிருந்ததால் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

புது மருந்துக்குக் கட்டி அசையவில்லை. பிறகு வளர ஆரம்பித்தது. பழைய மருந்தோடு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. காது திரும்பி வரவில்லை. அந்தத் தகர ஸ்பீக்கரில் முழுச் சத்தம் வைத்தால் மட்டும் பேச்சு புரிந்தது, அதுவும் தெளிவாக, நிதானமாகப் பேசுகிறவர்களின் பேச்சு. டிவியில் யார் அப்படிப் பேசுகிறார்கள்?

ஸ்பீக்கர் கடை மெதுவாவிடம் போனேன். என் குரலை அந்தப் பெட்டிகள் வழியாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டேன். கூவி விற்கிறவர்கள் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் மைக் ஒன்றை எடுத்து வந்து, வயரை எங்கே செருக வேண்டும் என்று காட்டினார்.

"அன்னைக்கே தெரியும் சார்" என்றார் எனக்கு நேராக நின்று. "அந்தப் பெட்டியை ரசிச்சுக் கேட்டவங்க இந்தக் கடையில அவங்க ஒருத்தர்தான்."

"ஏன் சொல்லலை?"

"கடைக்காரன் சொல்ற விஷயமா சார் அது?"

ஆலையில் சொல்லிவிட்டு வேலையிலிருந்து நின்றுவிட்டேன். நூலகத்திலிருந்து ஒரு தடித்த நாவலை எடுத்து வந்து அவளுக்கு வாசித்தேன். படகுத்துறையில் இருக்கும் ஒரு குடும்பத்தின் கதை. அக்கா தங்கை இருவர், காணாமல்போன ஒரு தகப்பன். கதை சொன்னால் கேட்கிறவர் ம் கொட்ட வேண்டும். அவள் ம் எனக்குக் கேட்காது. அதனால் ஒரு பத்தி முடிந்ததும் ஆள்காட்டி விரலைத் தூக்குவாள். அதுதான் ம். விரல் வரவில்லை என்றால் திரும்ப வாசிப்பேன். பிடிக்காத இடத்தில் கையை ஆட்டி நிறுத்துவாள்.

"அந்த ஆளு வரமாட்டான். போன பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு. இவ மட்டும் விளக்கு ஏத்தி வெச்சுக்கிட்டு நிக்கறா, பைத்தியக்காரி."

"எழுதினவர் ஏதாவது வெச்சிருப்பார்."

"வெச்சிருப்பார், வெச்சிருப்பார். உங்க குரல் கரண்டியால சட்டியைச் சுரண்டற மாதிரி இருக்கு. ஆனா ஒவ்வொரு வார்த்தையும் விழுது. படிங்க."

தையல்காரம்மா மறுபடி சண்டைக்கு வரவில்லை. நான் வாசிக்கும் நேரத்தில் அவர் தன் தையல் மெஷினை நிறுத்திவிடுகிறார் என்று பிறகு வாட்ஸ் சொன்னான்.

வலிக்குக் கொடுத்த மருந்து கூடக் கூட விரல் குறைந்தது. சில நாள் ஒரு பத்திக்கு ஒருமுறை, சில நாள் ஒரு அத்தியாயத்துக்கு ஒருமுறை. கடைசியில் விரலே வராத நாட்களும் உண்டு. அப்போது திரும்ப வாசிக்காமல் மேலே போவேன். கேட்கிறதோ இல்லையோ, நிறுத்தினால் அவளுக்குத் தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

அன்று மதியமும் அப்படித்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். தங்கை படகைக் கரையில் இழுத்துக் கட்டுகிற இடம். நீளமான அத்தியாயம். இன்னொருவராக இருந்தால் மூச்சின் சத்தத்தை வைத்துத் தெரிந்துகொண்டிருப்பார். நல்ல காது இருந்தால், அந்த வீட்டில் ஒரு நல்ல காது இருந்தால். எனக்கு என் குரல்கூட ஸ்பீக்கரில் பாதிதான் கேட்கும். அத்தியாயத்தை முடித்தேன். அடுத்ததை ஆரம்பித்தேன்.

தோளில் ஒரு கை பட்டது. வாட்ஸ். தன்னிடமிருந்த சாவியால் திறந்துகொண்டு வந்திருக்கிறான். என்னைத் தாண்டிப் போய் ஸ்பீக்கரை அணைத்தான். நடுவில் நிறுத்துகிறானே என்று எனக்குக் கோபம் வந்தது. அவன் என் முன்னால் மண்டியிட்டான். வாய் கோணிக்கொண்டு போயிற்று. எப்போதும் கத்திப் பேசுகிறவன், அன்று குரலே இல்லாமல் ஏதோ சொன்னான். அவன் உதட்டிலிருந்து ஒரு சொல்கூட என்னால் பிரிக்க முடியவில்லை.

அவன் என்ன சொல்கிறான் என்று கேட்க, நான் அவள் பக்கம் திரும்பினேன்.